உள்ளத்துக் காயங்களும் செபமும்: திருகோணமலையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும் பாலையூற்று, உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலும் செபக்கூட்டம் முடிந்து சனம் கலையும் நேரத்தில் கேட்கப்படும் கேள்விகள் இவை. கூட்டத்துக்குள் யாரும் கேட்பதில்லை. வெளியே வந்த பிறகு, பக்கத்தில் ஆள் இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள். ஒரே சந்தேகம் பலரிடமிருந்து வருவதால், கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை எழுதிப் பதில்களையும் தொகுத்திருக்கிறேன்.

நான் கத்தோலிக்கப் பங்கொன்றில், மனக் காயப்பட்டவர்களுக்குச் செவிகொடுத்து அவர்களோடு செபிக்கும் பணியில் இருக்கும் பொதுநிலைப் பெண். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபையினரும், வீட்டுச் சபைகளுக்குப் போகிறவர்களும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காயப்பட்ட ஒருவரைப் பார்த்து "மனதைத் திற" என்று சொல்லும் முன்னால், திறந்தால் அவருக்கு இங்கே பாதுகாப்பு உண்டா என்று சபை தன்னைத்தானே கேட்க வேண்டும். பதில்கள் எல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

1. உள்ளக் குணமாக்கல் எண்டா என்ன? காய்ச்சல், கால்நோவுக்குச் செய்யிற செபம் மாதிரியா?

மனதில் கிடக்கும் வலியை, நம்பிக்கையான ஓரிருவர் துணையோடு, கடவுளின் முன்னால் எடுத்து வைப்பது, அதற்காகச் செபிப்பது, அப்புறம் விட்டுவிடாமல் கூட வருவது. அவ்வளவுதான். இழப்பு, பயம், அவமானம், குற்ற உணர்வு, சின்ன வயதில் நடந்தவை என்று பலதும் வெளியே வரும். உடல் நோய்க்கான செபத்தோடு இதற்கு உறவு உண்டு. யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரம் நோயுற்றவருக்கு எண்ணெய் பூசி மன்றாடச் சொல்கிறது. அதைத் தொடர்ந்தே ஒருவர் மற்றவரிடம் பாவங்களை அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் மன்றாடும்படியும் சொல்கிறது. உடம்பையும் மனதையும் அது பிரித்துப் பார்க்கவில்லை.

காய்ச்சல் விட்டால் எல்லாருக்கும் தெரியும். மனம் ஆறுவது அப்படித் தெரியாது. இரண்டு அடி முன்னால் போனால் ஒரு அடி பின்னால் வரும். அதனால் "ஒரே இரவில் எல்லாம் போயிட்டுது" என்று சாட்சி சொல்லும்படி நாங்கள் யாரையும் கேட்பதில்லை.

2. நான் சாப்பிடுறன், வேலைக்குப் போறன், பூசைக்கும் போறன். எனக்கு என்னத்துக்கு இது?

உங்களுக்குத் தேவையில்லாமலும் இருக்கலாம். எல்லாருக்குள்ளேயும் காயம் இருக்கிறது, எல்லாரும் வந்தே ஆக வேண்டும் என்று சொல்வது சரியல்ல. துன்பத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் குடும்பம், அயல், தொழில், கோவில் என்று சாதாரண வழிகளிலேயே எழுந்து நிற்கிறார்கள்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் ஆட்கள் துயரத்தைப் பெரும்பாலும் உடம்பால்தான் சொல்வார்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தலையிடி, நெஞ்சு பதறுவது, காரணமில்லாத உடம்பு நோவு, விடியப்புறம் மூன்று மணிக்கே முழிப்பு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தும் ஒன்றும் அகப்படாமல் இவை தொடர்ந்தால், மனதையும் விசாரிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இன்னும் கடற்கரைப் பக்கம் போகாதவர்கள் இந்தக் கடற்கரை ஊரிலேயே இருக்கிறார்கள். மூதூர், சம்பூர்ப் பக்கத்தில் 2006 போரில் கையில் அகப்பட்டதோடு வீட்டை விட்டு ஓடியவர்களில் பலர், பத்து வருடத்துக்குக் கிட்டக் காத்திருந்துதான் சொந்தக் காணிக்குத் திரும்பினார்கள். அவர்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள், வேலைக்கும் போனார்கள்.

3. அழுதா விசுவாசம் குறைவு எண்டு சொல்லுறாங்களே?

அப்படிச் சொல்கிறவர்கள் திருப்பாடல்களைத் திறந்து பார்க்க வேண்டும். அவற்றில் பெரிய பங்கு முறைப்பாடுதான். 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லை. அதையும் வேதாகமத்துக்குள் வைத்து, தலைமுறை தலைமுறையாகச் செபமாகவே சொல்லி வருகிறோம். லாசரின் கல்லறையில் இயேசு அழுதார், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் அழுதார்.

எலியாவின் கதையையும் வாசியுங்கள் (1 அரசர் 19). "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று ஒரு செடியடியில் படுத்துக்கிடந்த இறைவாக்கினரைக் கடவுள் திட்டவில்லை. தூதர் வந்து தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அவர் சாப்பிட்டு மறுபடியும் படுத்தார். தூதர் இரண்டாம் தடவையும் வந்து சாப்பிடச் சொன்னார். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். உடைந்துபோன மனிதருக்கு நித்திரையும் சாப்பாடும்கூடக் கடவுளின் கவனிப்புத்தான் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் எனக்குத் தெரியவில்லை.

4. செபம் காணாதா? டொக்டரிட்ட போனா கடவுளை நம்பேல்லை எண்டு ஆகாதா?

ஆகாது. சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறவரை அவிசுவாசி என்று யாரும் சொல்வதில்லை. மூளையும் உடம்பில் ஒரு உறுப்புத்தான். லூக்கா ஒரு மருத்துவர். பவுல் திமொத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சை இரசம் குடிக்கச் சொல்லி எழுதினார், செபம் மட்டும் செய் என்று எழுதவில்லை. கத்தோலிக்க விவிலியத்தில் இருக்கும் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம், மருத்துவரை மதிக்கச் சொல்லி, மருந்தை நிலத்திலிருந்து படைத்தவரே ஆண்டவர்தான் என்கிறது.

எப்போது போக வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் இருண்டு கிடந்தால், எதிலும் விருப்பம் இல்லாமல் போனால், நித்திரையும் சாப்பாடும் கெட்டால், வேலையோ பிள்ளைகளையோ பார்க்க முடியாமல் போனால் தாமதிக்க வேண்டாம். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. பெரியாஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குத் தனியே போகக் கூச்சமாக இருந்தால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாங்களும் வருவோம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம்.

5. மாத்திரை தொடங்கினா வாழ்நாள் முழுக்க எடுக்கவேணுமாம். ஊரில விசர் எண்டு பேரும் வந்திடும். அதோட, தவக்காலத்தில உபவாசம் இருக்கலாமா?

எல்லா மாத்திரையும் வாழ்நாள் மாத்திரை அல்ல. மனச்சோர்வுக்குக் கொடுப்பவை வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் எடுக்கும். சுகமான பிறகும் சில மாதங்கள் தொடரும்படி டொக்டர் சொல்வார். பிறகு படிப்படியாகக் குறைப்பார். சில நோய்களுக்கு நீண்டகால மருந்து தேவை, அது உண்மைதான். ஆபத்து எங்கே என்றால், செபக்கூட்டத்தில் மனம் இலேசானதும் "எனக்குச் சுகம்" என்று மாத்திரையை ஒரேயடியாக நிறுத்துவதில். அப்படி நிறுத்தச் சொல்லும் உரிமை எந்தப் போதகருக்கும், எந்தச் செபக் குழுவுக்கும் கிடையாது. யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

ஊர்ப் பேச்சைப் பற்றி: அந்தச் சொல்லை முதலில் நிறுத்த வேண்டியது கோவிலுக்குள் இருக்கும் நாங்கள்தான். உபவாசத்தைப் பொறுத்தவரை, கத்தோலிக்க ஒழுங்கு நோயாளிகளைக் கட்டாயப்படுத்துவதில்லை. முக்கியமாக, சில மனநோய்களுக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரையை எடுப்பவர்கள் எங்கள் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு கூடி நஞ்சாகலாம். டொக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது.

6. எல்லாருக்கும் முன்னால சொல்லவேணுமா? இது சின்ன ஊர், நாளைக்குச் சந்தை முழுக்கத் தெரிஞ்சிடும்.

சொல்லத் தேவையில்லை. உங்கள் பயமும் நியாயமானது. நான் பார்த்தவரையில் எங்கள் சபைகளில் குணமாக்கலுக்குப் பெரிய தடையாக நிற்பது அவிசுவாசம் அல்ல. "செபத்துக்காகச் சொல்லுறன்" என்ற பெயரில் நடக்கும் கதை காவுதல்தான். அன்பியக் கூட்டத்தில் (அயலில் உள்ள குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் சிறு கூட்டம்) ஒருத்தி அழுதுகொண்டு சொன்னது அடுத்த கிழமை இன்னொரு வீட்டில் "இன்னாரின் குடும்பத்துக்காகச் செபியுங்கோ" என்று வந்து நிற்கும். அதற்குப் பிறகு அவள் வாய் திறக்க மாட்டாள். அவளுடைய பிள்ளைகளும் திறக்க மாட்டார்கள்.

நற்செய்தியைப் பாருங்கள். பெத்சாய்தாவில் பார்வையற்றவரை இயேசு கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போய்த்தான் தொட்டார். காது கேளாதவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப்போனார். யாயிர் வீட்டில் சனத்தை வெளியே அனுப்பினார். அப்படியென்றால் பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கால் வருந்திய பெண்ணை மட்டும் ஏன் எல்லாருக்கும் முன்னால் பேசவைத்தார் என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அவளைத் தீட்டு என்று ஒதுக்கியதே அந்தச் சனம்தான். அதே சனம் கேட்க "மகளே" என்று அவளை அழைத்து, ஒதுக்கலையும் சேர்த்தே எடுத்துப்போட்டார். அவர் ஆளுக்கு ஆள் பார்த்து நடந்தார். நாங்களும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு இது. இரண்டு பேருக்கு மேல் உட்காருவதில்லை. பெண்ணோடு ஒரு பெண் கட்டாயம் இருப்பார். பிறர் பார்க்கக்கூடிய, ஆனால் பேச்சுக் கேட்காத இடத்தில் இருப்போம். பெயர் சொல்லிச் செபக் குறிப்பு எழுதுவதில்லை, வட்சப் குழுவில் போடுவதில்லை. தலையில் கை வைக்கும் முன் "வைக்கலாமா" என்று கேட்போம். ஓர் உயிருக்கு ஆபத்து என்றாலோ, பிள்ளை ஒன்று துன்புறுத்தப்படுகிறது என்றாலோ மட்டும் இரகசியமாக வைத்திருக்க முடியாது என்று தொடங்கும்போதே சொல்லிவிடுவோம். பிள்ளைகள் விசயத்துக்கு 1929 என்ற இலக்கம் இருக்கிறது.

7. ஃபாதரிட்ட பாவசங்கீர்த்தனம் செய்தா அதோட முடிஞ்சுதானே?

பாவத்துக்கு அது போதும். ஆனால் உங்களுக்கு மற்றவர் செய்த தீங்கு உங்கள் பாவம் அல்ல. சிறு வயதில் துன்புறுத்தப்பட்ட ஒருவர் வருடக்கணக்காக அதையே பாவமாக அறிக்கையிட்டு வருவார். பொறுப்பே இல்லாத ஒன்றுக்கு எத்தனை தடவை பாவமன்னிப்புப் பெற்றாலும் பாரம் இறங்காது. "இது உன் குற்றமல்ல" என்ற ஒரு வசனத்தை யாராவது சொல்லக் கேட்க வேண்டும். அதை ஒரு நல்ல குருவும் சொல்லலாம், உளவளத்துணையாளரும் சொல்லலாம்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை எந்தக் காரணத்துக்காகவும் குரு வெளியே விடக்கூடாது. திருச்சபைச் சட்டத்தில் (983) அது மீற முடியாத முத்திரை. நேரடியாக மீறுகிறவருக்குத் தண்டனை திருச்சபையிலிருந்து விலக்கம். செபக் குழுவில் சொல்வதற்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. எங்கள் வாக்கு மட்டும்தான் இருக்கிறது. அதை அறிந்துகொண்டே என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்யுங்கள்.

8. மன்னிச்சாத்தான் சுகம் வருமாம். எனக்கு ஏலாது. வாயால சொல்லுறன், உள்ளுக்க எரியுது.

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களை அவசரப்படுத்துவது கொடுமை. மன்னிக்கச் சொன்னவர் இயேசுதான், அதை மறைக்க முடியாது. ஆனால் மன்னிப்பு என்பது நடந்ததை மறப்பதும் அல்ல, "பரவாயில்லை" என்பதும் அல்ல, செய்தவரோடு மறுபடியும் பழகுவதும் அல்ல. நீதி கேட்பதைக் கைவிடுவதும் அல்ல. வழக்குப் போட்டவரும், போராட்டத்தில் காணாமல்போன பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரும் மன்னிக்காதவர்கள் என்று யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

"இன்னும் ஏலாது ஆண்டவரே" என்று சொல்வதும் செபம். சிலுவையில் இயேசு "நான் இவர்களை மன்னிக்கிறேன்" என்று சொல்லவில்லை, "தந்தையே, இவர்களை மன்னியும்" என்று தந்தையிடம் கேட்டார். தன்னால் முடியாததைக் கடவுளிடம் கையளிக்கும் வழி அந்தச் செபத்துக்குள் இருப்பதாகவே நான் வாசிக்கிறேன். வருடங்கள் எடுக்கலாம், எடுக்கட்டும். கோபம் தணியும் முன்னே வரச் சொல்லும் மன்னிப்பு பெரும்பாலும் அயலட்டையின் வசதிக்காகத்தான்.

9. மனுசன் குடிச்சுப்போட்டு அடிக்கிறார். பொறுத்திரு, உன் செபத்தால மாறுவார் எண்டுதான் எல்லாரும் சொல்லுறாங்கள்.

அடி வாங்கிக்கொண்டு இருப்பது சிலுவை சுமப்பது அல்ல. முதலில் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும். மற்ற எல்லாம் பிறகு. 2005இன் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அவருக்காகச் செபிப்பதைத் தூரத்திலிருந்தும் செய்யலாம். 8ஆம் கேள்வியில் சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

10. என்ட மகனைக் கொண்டுபோய்க் கனகாலம். உயிரோட இருக்கிறானோ தெரியாது. அவனுக்குப் பூசை ஒப்புக்குடுத்தா, அவன் செத்திட்டான் எண்டு நானே முடிவு கட்டினமாதிரி ஆகாதா?

அம்மாக்கள் கேட்கும் கேள்வி இது. எங்கள் மாவட்டத்தில் இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 2017 முதல் வடக்கு கிழக்கில் தொடர் போராட்டம் நடத்திவரும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளில் திருகோணமலைத் தாய்மாரும் இருக்கிறார்கள். பதில் கிடைக்காமலே உலகத்தை விட்டுப் போய்விட்ட தாய்மாரும் உண்டு.

பூசையைப் பற்றி நேரான பதில்: ஒப்புக்கொடுக்கலாம். திருச்சபைச் சட்டம் 901இன்படி குருவானவர் உயிரோடு இருப்பவருக்காகவும் இறந்தவருக்காகவும், யாருக்காகவும், திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். "என் மகனுக்காக" என்று மட்டும் கருத்து எழுதுங்கள். இறந்தவர்கள் பட்டியலில் பெயரைப் போடச் சொல்லி யாரும் கேட்கத் தேவையில்லை. அவன் எங்கே இருந்தாலும் கடவுளுக்குத் தெரியும். அவன் பெயர் பீடத்தில் சொல்லப்படும். இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலைக்குப் போய் எந்தக் கல்லறையில் மெழுகுதிரி வைப்பது என்று தெரியாமல் திரும்பி வரும் அம்மாக்களுக்காக, ஒரு பொது இடத்தில், பெயர் எழுதாமல், மெழுகுதிரி வைக்க ஒழுங்கு செய்யும்படி பங்குத்தந்தையரிடம் கேட்கிறோம். நாட்டின் சட்டத்திலும் இதற்கு இணையான ஒன்று வந்திருக்கிறது: மரணச் சான்றிதழ் எடுக்காமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழை 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அனுமதிக்கிறது.

"ஏற்றுக்கொள், விட்டுவிடு, வாழ்க்கையைப் பார்" என்று இவர்களிடம் சொல்ல வேண்டாம். பாலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தனி வகை இழப்பாகவே விளக்கினார்: உடலும் இல்லை, உறுதியும் இல்லை, அதனால் துக்கம் முடிய வழியில்லை. அந்தத் தாயிடம் கோளாறு எதுவும் இல்லை, கோளாறு சூழ்நிலையில் இருக்கிறது. "இருப்பான்", "இருக்க மாட்டான்" என்ற இரண்டையும் ஒரே நாளில் நினைக்க அவளுக்கு உரிமை உண்டு. அவனுடைய பிறந்தநாளுக்குச் சமைக்க விரும்பினால் சமைக்கட்டும், நாங்கள் போய்ச் சாப்பிடுவோம்.

11. பிள்ளை கத்துது, குரல் மாறுது. பேய் பிடிச்சிருக்கு, ஆரோ செய்வினை செய்திட்டினம் எண்டு சொல்லுறாங்கள். ஓட்ட ஏலுமா?

முதலில் ஆஸ்பத்திரி. வலிப்பு, மனச்சிதைவு, பிள்ளை பெற்ற சில நாட்களில் தாய்க்கு வரக்கூடிய கடுமையான மனக்குழப்பம், சொல்ல முடியாத துன்புறுத்தல் என்று எதுவும் இப்படி வெளிவரலாம். அதிலும் பிள்ளைப்பேற்றுக்குப் பின் வருவது அவசரம், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

தீய சக்தியைத் திருச்சபை மறுக்கவில்லை. ஆனால் பேயோட்டும் சடங்கை ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குருவானவர் மட்டுமே செய்யலாம் (சட்டம் 1172). அதற்கு முன் அது நோய் அல்ல என்று உறுதிப்படுத்த வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (1673) சொல்கிறது. அடிப்பது, கட்டிவைப்பது, பட்டினி போடுவது, மிளகாய்ப் புகை காட்டுவது எல்லாம் குற்றம், எந்தச் சபையில் நடந்தாலும். செய்வினைப் பயம் உள்ள வீட்டில் இன்னொரு தீங்கும் நடக்கும்: பக்கத்து வீட்டுக்காரி மேல் சந்தேகம் விழும். நோய் மாறின பிறகும் அந்தப் பகை மாறாது.

12. கை வைச்சதும் எல்லாரும் விழுறாங்கள், நான் மட்டும் நிண்டுகொண்டிருந்தன். என்னில ஆவியானவர் இல்லையா?

இருக்கிறார். விழுவது அளவுகோல் அல்ல. வத்திக்கான் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட குணமளிக்கும் வேண்டுதல்கள் பற்றிய அறிவுறுத்தல், இப்படியான கூட்டங்களில் வெறிக்கூச்சல், செயற்கைத்தனம், நாடகத்தன்மை, பரபரப்பு எதுவும் இருக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. விழுகிறவர்களைப் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். பலருக்கு அது உண்மையான அனுபவம். ஆனால் நெற்றியில் கையை வைத்துத் தள்ளுவது செபம் அல்ல. பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு வருடம் கிடந்தவரிடம்கூட இயேசு "நலம்பெற விரும்புகிறீரா?" என்று கேட்டார். விருப்பம் கேட்காமல் யாரையும் தொடக்கூடாது என்று 6ஆம் கேள்வியில் சொன்னதற்கு ஆதாரம் இதுதான்.

13. எத்தினை வருசமாச் செபிக்கிறன், மாறேல்லை. என்ட விசுவாசத்திலதான் பிழையா?

பவுல் மூன்று தரம் மன்றாடியும் அவர் உடலில் தைத்த முள் எடுபடவில்லை. அருள் போதும் என்ற பதில்தான் கிடைத்தது. தன் தோழர் துரோப்பிமை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்ததாகவும் அவரே எழுதுகிறார் (2 திமொத்தேயு 4:20). பவுலுக்கும் துரோப்பிமுக்கும் விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்? பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி "இவன் பாவமா, பெற்றோர் பாவமா" என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. பெத்சாய்தாக்காரருக்கு அவரே இரண்டு தரம் கை வைக்க வேண்டியிருந்தது. முதல் தடவையில் ஆட்கள் மரங்கள்போலத் தெரிந்தார்கள்; அந்த மனிதர் அதை மறைக்காமல் சொன்னார், இயேசுவும் கோபிக்கவில்லை. பாதிதான் சுகம் என்றால் பாதி என்றே சொல்லுங்கள்.

நீண்டகாலம் மாறாதிருந்தால் 4ஆம் கேள்வியை மறுபடி வாசியுங்கள். ஏற்கெனவே கிளினிக் போகிறவர் என்றால், மருந்தைப் பற்றி டொக்டரிடம் திரும்பப் பேசுங்கள்.

14. என்ட தங்கச்சி மருந்து குடிச்சுச் செத்தவள். அவள் நரகத்துக்குத்தான் போயிருப்பாளா?

இல்லை என்று நம்ப உங்களுக்கு முழு உரிமை உண்டு. தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்களின் நித்திய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்றும் மறைக்கல்வி நூல் (2283) சொல்கிறது. கடுமையான மனவேதனையும் பயமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்று அதற்கு முந்திய பத்தி சொல்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, அடக்கப் பூசை மறுக்கப்படுவோர் பட்டியலில் இவர்களை வைக்கவில்லை. ஊரில் பழைய கடுமை இன்னும் பேச்சில் இருக்கிறது. அதைக் கேட்டு உங்களை வதைக்க வேண்டாம். நீங்கள் கவனிக்கத் தவறியதால்தான் நடந்தது என்ற எண்ணமும் வரும். அதைத் தனியே சுமக்காமல் யாரிடமாவது கதையுங்கள்.

இப்போது உயிரோடு இருப்பவர்களுக்காக ஒன்று. யாராவது "இனி இருந்து என்ன" என்று சொன்னால் "சாக நினைக்கிறீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பெரும்பாலும் ஆறுதலாகத்தான் இருக்கும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டிலிருக்கும் பூச்சிமருந்து, களைநாசினி, மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். 1990களின் நடுவில் உலகிலேயே அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. மிக நச்சான பூச்சிமருந்துகளைத் தடைசெய்ததுதான் அந்த எண்ணிக்கை பெரிதாகக் குறையக் காரணம். எட்டும் இடத்தில் இல்லாவிட்டால் உயிர் தப்பும். பொலிஸ் பிடிக்கும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டாம், தற்கொலை முயற்சி 1998 முதல் இந்த நாட்டில் குற்றம் அல்ல. 1926இலும், 1333 என்ற இலவச இலக்கத்திலும் பேசலாம்.

15. எங்கட அம்மா சைவம், வெள்ளிக்கிழமை கோணேசர் கோவிலுக்குப் போறவ. அவவும் வரலாமா? மதம் மாத்தப் பாப்பினம் எண்டு அண்ணா பயப்படுறார்.

வரலாம். திருநீறோடேயே வரலாம். அண்ணாவின் பயத்தைக் குறை சொல்ல முடியாது. துன்பத்தில் இருப்பவரைப் பார்த்து ஞானஸ்நானம் பேசுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். மனம் உடைந்த நேரத்தில் ஒருவரிடம் மதம் மாறும் முடிவைக் கேட்பது அவருடைய பலவீனத்தைப் பயன்படுத்துவது. அதை நாங்கள் செய்வதில்லை. கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் அம்மா ஒருவரிடம் முதலில் கேட்டது, செபிக்கவா அல்லது கூட இருந்தால் மட்டும் போதுமா என்றுதான். இருந்தால் போதும் என்றார். இருந்தோம்.

16. நானும் மற்றவைக்கு உதவி செய்ய விரும்புறன். அழுற ஆளுக்கு என்ன வசனம் சொல்லுறது?

முதலில் ஒன்றும் சொல்ல வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு பேசாமல் இருந்தார்கள். அதுவரை சரியாகவே செய்தார்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் பிழைத்தது. "கடவுள் ஒரு நோக்கத்தோடதான் செய்திருப்பார்", "உங்களைவிடக் கஷ்டப்படுறவை இருக்கினம்", "எனக்கும் இப்படித்தான் நடந்தது" என்ற மூன்றையும் விட்டுவிடுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: "இரவில் தனியா இருக்கேக்கதான் கூடப் பயம் வருது எண்டுறீங்க, என?" அது போதும், மிச்சத்தை அவரே சொல்வார்.

உங்கள் காயம் இன்னும் பச்சையாக இருந்தால் கொஞ்சக் காலம் பொறுங்கள், முதலில் உங்களுக்கு ஒருவர் செவிகொடுக்கட்டும். பங்குத்தந்தை, போதகர், சிஸ்டர்மாருக்கும் இது பொருந்தும்: ஊர் முழுக்கத் துயரத்தைக் கேட்கும் அவர்களிடம் "நீங்கள் எப்படி இருக்கிறீங்க, ஃபாதர்?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

17. சரி, வர யோசிக்கிறன். வந்து முதலில என்ன சொல்லவேணும்?

"எனக்குக் கொஞ்சம் கதைக்க வேணும்" என்றால் போதும். எதைப் பற்றி என்று வாசலில் யாரும் கேட்க மாட்டார்கள். வந்து உட்கார்ந்துவிட்டு, இன்றைக்கு ஏலாது என்று எழும்பிப் போனாலும் ஏன் என்று கேட்க மாட்டோம்; அடுத்த கிழமையும் அதே நேரத்துக்கு அங்கேதான் இருப்போம்.